புள்ளி உதிராத வாழ்த்து அட்டை

கையால் வாழ்த்து அட்டை செய்ய ஒரு கத்தரிக்கோல், ஒரு பசைப் போத்தல், ஒரு பிரிஸ்டல் போர்ட் போதும் என்று நினைக்கிறோம். போதும்தான். ஆனால் இப்போது எமது மாணவிகள் கணினியில் வடிவம் வரைந்து, வெட்டும் இயந்திரத்தில் கொடுத்து, பூப்போட்ட கடதாசியை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்யும் அட்டைகளைப் பற்றிக் கேட்கிறார்கள். யூடியூப்பில் பார்த்திருக்கிறார்கள். “டீச்சர், எங்களாலும் ஏலுமா?” என்பது கேள்வி. ஏலும். ஆனால் அந்தக் காணொளிகளில் சொல்லித்தராத ஒரு விடயம் உண்டு. அந்த மென்பொருள்களுக்குத் தமிழ் எழுத்தை எப்படி வெட்டுவது என்று தெரியாது. அதை நாம்தான் அவற்றுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சித்திர பாட ஆசிரியை என்ற வகையில் என் மாணவிகளோடு செய்து பார்த்தவற்றை இங்கே பாடமாக எழுதுகிறேன்.

வாழ்த்து அட்டையின் கதையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் 1840இல் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் தபால் முறை வந்தது. கடிதங்கள் குவிந்தன. அந்த முறையைக் கொண்டுவர உழைத்தவர்களுள் ஒருவரான ஹென்றி கோல் என்பவருக்கே நத்தார் காலத்துக் கடிதங்களுக்குப் பதில் எழுதி முடியவில்லை. 1843இல் ஜோன் கல்கொட் ஹோர்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு ஒரு படம் வரைவித்து, வாழ்த்தையும் சேர்த்து 1000 பிரதிகள் அச்சிட்டார். மிஞ்சியவை தலா ஒரு ஷில்லிங்குக்கு விற்கப்பட்டன. ஒரு ஷில்லிங் என்றால் பன்னிரண்டு பென்னி. ஒரு அட்டையின் விலையில் பன்னிரண்டு கடிதம் அனுப்பலாம்! ஆகவே அச்சு அட்டை பிறந்தது எழுதும் வேலையைக் குறைக்க, அதுவும் வசதியுள்ளவர்களுக்காக. இன்று பெருநாள் காலையில் ஒரே படத்தை நூறு பேருக்கு வட்ஸ்அப்பில் தள்ளிவிடுகிறோமே, அது ஹென்றி கோலின் யோசனைதான், முத்திரைச் செலவு மட்டும் இல்லை. கையால் செய்யும் அட்டை இதற்கு நேர் எதிர்த் திசையில் போவது. ஒருவருக்கு ஒன்றுதான். நேரம் அதிகம் எடுக்கும்.

இனி இயந்திரம். முன்பு இரும்புத் தகட்டை வேண்டிய வடிவில் வளைத்து, ஓரத்தைக் கூராக்கி, கடதாசியின் மேல் வைத்து அழுத்தி வெட்டினார்கள். வீட்டில் பிஸ்கட் மாவை அச்சால் வெட்டுகிறோமே, அதே முறை. ஒரு அச்சால் ஒரு வடிவம்தான் வரும். கணினியோடு வந்த வெட்டு இயந்திரத்தில் அச்சு இல்லை. பேனை முனை அளவு சிறிய கத்தி ஒன்று இருக்கிறது. கடதாசியை ஒட்டும் தன்மையுள்ள ஒரு பாயில் ஒட்டி உள்ளே விட்டால், உருளை அதை முன்னும் பின்னும் தள்ளும். கத்தி இடமும் வலமும் ஓடும். இரண்டு அசைவும் சேர்ந்து எந்தக் கோட்டையும் வெட்டிவிடும். கத்தி தன் தண்டில் சுழலும்படி பொருத்தப்பட்டிருக்கிறது. அதன் முனை தண்டின் நடுவில் இல்லை, சற்றுப் பின்னே இருக்கிறது. பெரிய வளைவில் இதனால் குறை தெரியாது. மிகச் சிறிய வட்டத்தில் கத்தி திரும்ப இடமில்லாமல் கடதாசியைக் கிழித்துவிடும். இதை மனத்தில் வையுங்கள், புள்ளிக்கு வரும்போது தேவைப்படும்.

மென்பொருளின் வேலை, அந்தக் கத்தி ஓட வேண்டிய பாதையைச் சொல்வது. சில்லவுட் ஸ்டூடியோ, கிரிகட் டிசைன் ஸ்பேஸ் என்பன பலரும் அறிந்தவை. (கிரிகட் என்றதும் எமது பிள்ளைகள் துடுப்பாட்டத்தை நினைக்கிறார்கள். அதன் ஆங்கிலப் பெயரும் அதே உச்சரிப்புத்தான்.) இவற்றோடு ஆயிரக்கணக்கான ஆயத்த வடிவங்கள் வரும். பனிமனிதன், நத்தார் மரம், பூசணிக்காய், இதயம், பிறந்தநாள் கேக் எல்லாம் உண்டு. பிறையும் பள்ளிவாசல் குவிமாடமும்கூட இருக்கும். ஆனால் ‘நோன்புப் பெருநாள் வாழ்த்துகள்’ என்று வெட்டத் தயாராக ஒரு வடிவமும் நான் காணவில்லை. தேயிலைக் கொழுந்தும் இல்லை.

ஆயத்த வடிவங்களையே நம்பியிருப்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 2021 மார்ச்சில் கிரிகட் நிறுவனம், மாதச் சந்தா கட்டாதவர்கள் தாங்கள் வரைந்த வடிவங்களில் மாதத்துக்கு 20ஐ மட்டுமே மென்பொருளில் ஏற்றலாம் என்று அறிவித்தது. காசு கொடுத்து வாங்கிய இயந்திரத்தில், தன் கையால் வரைந்த படத்தை வெட்ட ஒரு எல்லை! உலகெங்கும் பாவனையாளர்கள் கொதித்தெழ, ஒரு கிழமைக்குள் நிறுவனம் அதைக் கைவிட்டது. நல்ல முடிவுதான். என்றாலும் வடிவத்தை எங்கே வைத்திருக்கிறோம், எதில் வரைகிறோம் என்பதைப் பற்றி எனக்கு அன்றிலிருந்து ஒரு கவனம். ஆகையால் என் மாணவிகளுக்கு இன்க்ஸ்கேப் என்ற மென்பொருளைத்தான் பழக்குகிறேன். அது முற்றிலும் இலவசம், பழைய கணினியிலும் ஓடும். வரைந்த கோப்பு நம் கையிலேயே இருக்கும், எந்த இயந்திரத்துக்கும் கொண்டுபோகலாம்.

இயந்திரம் வாங்க வேண்டுமா என்று பெற்றோர் கேட்பார்கள். வேண்டாம். ஹட்டனிலோ நுவரெலியாவிலோ முச்சக்கர வண்டிகளின் பின்கண்ணாடியைப் பாருங்கள். வண்டிக்காரரின் பிள்ளைகள் பெயர், பழமொழி, பூவேலை எல்லாம் வெட்டி ஒட்டப்பட்டிருக்கும். அவற்றைச் செய்யும் ஸ்டிக்கர் கடைகளில் இருப்பதும் இதே கத்தி, இதே உருளை. ஸ்டிக்கர் தாளுக்குப் பதில் நமது மட்டையை ஒட்டும் பாயில் ஒட்டிக் கொடுத்து, கத்தியைச் சற்று ஆழமாக்கினால் வெட்டும். முதலில் கடைக்காரர் தயங்குவார், கத்தி மழுங்கிவிடும் என்று. ஒரு சிறு துண்டில் வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். பாயை நாமே கொண்டுபோனால் இன்னும் நல்லது. ஒரு பழைய பிளாஸ்டிக் தகட்டில் மறுபடி எடுக்கக்கூடிய பசையை மெல்லப் பூசினால் பாய் ஆகிவிடும். அந்தக் கடைகளில் வெட்டும் தமிழ் எழுத்துகளைக் கவனித்தீர்களானால் ஒன்று தெரியும்: ஸ்டிக்கருக்குப் புள்ளி ஒரு பிரச்சினையே இல்லை. பின்னால் ஒட்டுத்தாள் இருப்பதால் தனித்தனித் துண்டுகளும் இருந்த இடத்திலேயே இருக்கும். கடதாசிக்கு அந்த வசதி இல்லை.

இங்கேதான் பாடம் தொடங்குகிறது.

எழுத்தை இரண்டு விதமாக வெட்டலாம். ஒன்று, எழுத்தையே வெட்டி எடுத்து அட்டையில் ஒட்டுவது. மற்றது, அட்டையில் எழுத்தின் வடிவத்தில் ஜன்னல் திறந்து, பின்னால் பூப்போட்ட கடதாசியை ஒட்டித் தெரிய வைப்பது. வெட்டி எடுக்கும்போது புள்ளி தனியாகப் பிரிந்து விழும். ஜன்னல் திறக்கும்போது புள்ளி ஒரு சிறு துளைதான், அதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் எழுத்தின் வயிறு விழுந்துவிடும். வயிறு என்று நான் சொல்வது எழுத்துக்குள் அடைபட்ட இடத்தை. க, த, ம, ன, ண, ள என்பவற்றுக்கு வயிறு உண்டு. ப, ட, ர என்பவற்றுக்கு இல்லை. ஆங்கிலத்தில் வெட்டுபவர்களுக்கு வயிற்றுச் சிக்கல் தெரியும். ஆனால் புள்ளி அவர்களுக்கு அபூர்வம், சிறிய ஐ, ஜே என்ற இரண்டு எழுத்துகளில் மட்டும். நமக்கோ ஒரு சொல்லுக்குள் மூன்று வந்துவிடும்.

எண்ணிப் பாருங்கள். ‘நோன்புப் பெருநாள் வாழ்த்துகள்’ என்பதில் ன், ப், ள், ழ், த், ள் என்று ஆறு புள்ளிகள். ‘வாழ்த்துக்கள்’ என்று எழுதினால் ஏழு. வாழ்த்துகளா வாழ்த்துக்களா என்று எமது தமிழ் ஆசிரியைகள் ஆண்டாண்டாக விவாதிக்கிறார்கள். கத்தி பிடிப்பவள் என்ற முறையில் என் வாக்கு ‘வாழ்த்துகள்’ பக்கம், ஒரு புள்ளி மிச்சம்.

‘ஈத் முபாரக்’ என்ற சிறிய வாழ்த்தையே எடுங்கள். ஈ, த, மு, ப, அதன் கால், ர, க என ஏழு துண்டுகள். த், க் இரண்டின் புள்ளிகளும் ஈயின் இரு பக்கத்துப் புள்ளிகளும் சேர்ந்து நான்கு. ஆக 11 துண்டுகள். அதையே அறபியில் வெட்டினால் எழுத்துகள் ஒன்றோடொன்று கை கோத்து நிற்பதால் உடல் நான்குதான். யாவின் கீழ் இரண்டும் பாவின் கீழ் ஒன்றுமாகப் புள்ளி மூன்று, கடைசிக் காஃபின் உள்ளே ஒரு சிறு குறி. ஆக எட்டு. அறபு எழுத்தணிக் கலைஞர்கள் ஒரே இழையில் முழு வாக்கியத்தையும் ஓட விடுவதைப் பார்த்து வியக்கிறோம். அவர்களுக்கும் புள்ளி மட்டும் தனியாகத்தான் நிற்கிறது.

தரம் 9 மாணவி ஒருத்தி தன் தாய்க்கு அட்டை செய்தாள். தாய் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறார். ‘உம்மாவுக்கு’ என்ற சொல்லைச் சிவப்புக் கடதாசியில் வெட்டி எடுத்தாள். பாயிலிருந்து எழுத்துகளைத் தூக்கியபோது மகரத்தின் புள்ளியைக் காணவில்லை. ககரத்தின் புள்ளியும் இல்லை. இரண்டு மில்லிமீற்றர் வட்டங்கள் அவை. மேசையின் கீழ், புத்தகப் பையின் மேல் எல்லாம் தேடி ஒன்றைக் கண்டுபிடித்தோம், மற்றது கத்தியின் முனையில் ஒட்டிக்கொண்டு கிழிந்திருந்தது. “புள்ளி இல்லாட்டியும் உம்மாவுக்கு விளங்கும் தானே டீச்சர்” என்றாள். விளங்கும்தான். ஆனால் அவள் அதோடு விடவில்லை. பேனையால் புள்ளி வைக்கவும் மறுத்துவிட்டாள். முழுச் சொல்லையும் மீண்டும் வரைந்தாள். அந்தப் பிள்ளை தேடிய வழியைப் பின்னால் சொல்கிறேன்.

“புள்ளி இல்லாட்டியும் விளங்கும்” என்றாளே, அது நம் முன்னோரும் நம்பிய ஒன்று. மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டென்பதைத் தொல்காப்பியம் சொல்கிறது. ஆனால் பனையோலைச் சுவடிகளில் பெரும்பாலும் புள்ளியே இராது. எழுத்தாணியால் குத்தினால் ஓலை துளைபட்டுக் கிழியும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். வாசிப்பவர் தம் தமிழறிவால் புள்ளியை இட்டு நிரப்பிக்கொள்வார். பழஞ்சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் பட்ட பாட்டில் பாதி இந்தப் புள்ளியால்தான். எழுத்தாணியும் கூர்மையானது, நமது இயந்திரக் கத்தியும் கூர்மையானது. இரண்டுக்கும் புள்ளியைக் கண்டால் ஆகாது.

அறபு எழுத்தின் கதையிலும் இதே கட்டம் உண்டு. பா, தா, ஸா மூன்றுக்கும் உடல் ஒன்றே. கீழே ஒரு புள்ளியா, மேலே இரண்டா, மூன்றா என்பதுதான் வேறுபாடு. ஆரம்பகாலக் கையெழுத்துப் பிரதிகளில் இந்தப் புள்ளிகள் அரிதாகவே இடப்பட்டன. மனனம் செய்தவர்களுக்கு அது போதுமாயிருந்தது. இஸ்லாம் பரவி, அறபு தாய்மொழியாக இல்லாதவர்கள் ஓதத் தொடங்கியபோது புள்ளிகள் கட்டாயமாயின. நம் மூதாதையர் தமிழை அறபு எழுத்தில் எழுதிய அறபுத் தமிழை எடுத்தாலும் அப்படியே. அறபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக இருந்த எழுத்துகளோடு புதிய புள்ளிகளையும் குறிகளையும் சேர்த்துக்கொண்டார்கள். எழுத்தைத் தெரியாதவரும் தவறின்றி வாசிக்க வேண்டும் என்ற தேவை வந்த இடத்திலெல்லாம் புள்ளி வந்திருக்கிறது. ஆகவே வெட்டுவதற்குத் தொல்லை என்பதற்காக அதைக் கைவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பெருநாள் அட்டையில் புள்ளியில்லாத் தமிழை நான் மதிப்பெண் கொடுத்து ஊக்குவிப்பதில்லை.

என்ன செய்யலாம்? எமது வகுப்பில் பல வழிகள் வந்தன. புள்ளியை எழுத்தின் தலையோடு மெல்லிய தண்டால் இணைப்பது எளிது. தண்டு ஒன்றரை மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது, 200 ஜி.எஸ்.எம். மட்டையில் அதற்குக் குறைந்தால் தூக்கும்போது அறுந்துவிடுகிறது. எல்லா எழுத்துகளையும் மேலே ஒரு கோட்டால் தொடுத்தும் பார்த்தோம். உறுதியாக இருந்தது, ஆனால் ஹிந்தி எழுத்துப் போலத் தோன்றிப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். உம்மாவுக்கு அட்டை செய்த மாணவி கண்ட வழிதான் எனக்குப் பிடித்தது. புள்ளிக்குப் பதில் இரண்டு இலையும் ஒரு அரும்புமாக ஒரு குட்டித் தேயிலைக் கொழுந்து வரைந்தாள். அதன் காம்பு எழுத்தின் தலையைத் தொட்டு நிற்கும். காம்பே தண்டு, கொழுந்தே புள்ளி. சொல் முழுவதும் ஒரே துண்டாகக் கையோடு வந்தது. தேயிலைக்கு நடுவில் வளரும் பிள்ளைக்கு அது தோன்றியதில் வியப்பில்லை. பிறை, நட்சத்திரம், பூ என்று வேறு எதையும் இப்படி வைக்கலாம். ஆனால் வாசிக்கும் கண்ணுக்கு அது புள்ளி என்று உடனே தெரியும் அளவுக்குச் சிறிதாக இருக்க வேண்டும்.

ஜன்னல் முறையில் வயிறு விழாமல் பாலம் போட வேண்டும். கையெழுத்தில் நம் பேனை தொடங்கும் இடத்தில் பாலத்தை வைத்தால் கண்ணுக்கு உறுத்தாது. நடுவில் குறுக்கே வைத்தால் எழுத்து நொண்டும்.

மார்க்க விடயமாக ஒன்று. பிஸ்மியையோ குர்ஆன் வசனத்தையோ அல்லாஹ்வின் திருநாமம் வரும் துஆக்களையோ வெட்டுவதற்குக் கொடுக்காதீர்கள். வெட்டும்போது உள்துண்டுகள் நிலத்தில் விழும், காலில் மிதிபடும். பெருநாள் கழிந்தபின் அட்டை எங்கே போகும் என்பதும் நம் கையில் இல்லை. துஆவை உள்ளே கையால் எழுதுவதிலும் இதே யோசனை வேண்டும். வாழ்த்தைத் தமிழில் சொன்னால் இந்தக் கவலையே இல்லை.

இன்க்ஸ்கேப்பில் செய்யும் முறையைச் சுருக்கமாகத் தருகிறேன். எழுத்தை யுனிகோட் தமிழில் தட்டெழுதுங்கள். தடித்த எழுத்துரு வேண்டும். பிறகு ‘பாத்’ பட்டியலில் ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ என்பதைச் சொடுக்கினால் எழுத்துகள் வெறும் வடிவங்களாக மாறும். இந்தப் படியை விட்டுவிட்டுக் கடைக்குப் போனால் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும். நம் நாட்டுக் கடைகளில் பலர் பாமினி எழுத்துருவில் வேலை செய்கிறார்கள். வீட்டில் பாமினியில் அடித்ததை அது இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். வடிவமாக மாற்றிவிட்டால் எழுத்துரு தேவையே இல்லை. அடுத்து, கொழுந்துகளையும் தண்டுகளையும் வரைந்து அவை எழுத்தைச் சற்று ஊடுருவும்படி வைத்து, எல்லாவற்றையும் தெரிவு செய்து ‘யூனியன்’ கொடுங்கள். இதைச் செய்யாவிட்டால் கத்தி தண்டுக்கும் எழுத்துக்கும் தனித்தனியாக ஓடி, சேர வேண்டிய இடத்திலேயே வெட்டிவிடும். பின் எஸ்.வி.ஜி. கோப்பாகவும் டி.எக்ஸ்.எப். கோப்பாகவும் சேமியுங்கள். சில்லவுட்டின் இலவசப் பதிப்பு டி.எக்ஸ்.எப்.ஐத்தான் திறக்கும், கிரிகட் எஸ்.வி.ஜி.யை ஏற்கும்.

இனிப் பூப்போட்ட கடதாசி. கடையில் வாங்கும் அன்பளிப்புச் சுற்றும் தாள் மெல்லியது, மினுங்கும். ஆனால் பின்னால் ஒட்டினால் பசை ஊறிச் சுருங்கிவிடும். நாமே செய்வது நல்லது. உயிருள்ளவற்றின் உருவங்களைத் தவிர்த்து வந்த முஸ்லிம் கலைஞர்கள் வட்டத்தையும் சதுரத்தையும் வைத்து எத்தனை கோலங்களைக் கண்டுபிடித்தார்கள்! அவற்றுள் எளியது எட்டு முனை நட்சத்திரம். ஒரு சதுரம் வரைந்து, அதன் பிரதியை 45 பாகை திருப்பி மேலே வைத்து யூனியன் செய்தால் வந்துவிடும். இன்க்ஸ்கேப்பின் நட்சத்திரக் கருவியாலும் வரையலாம். முனைகள் 8, உள் ஆரத்துக்கும் வெளி ஆரத்துக்கும் உள்ள விகிதம் 0.765 என்று கொடுங்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் க.பொ.த. சாதாரண தர மாணவிகள் கோசைன் 45ஐக் கோசைன் 22.5ஆல் வகுத்துப் பார்க்கட்டும்.

இந்த நட்சத்திரங்களை முனையோடு முனை தொடும்படி வரிசையாக அடுக்கினால் இடைவெளிகள் தாமாகவே சிலுவை வடிவில் அமையும். பாரசீகத்தின் காஷான் நகரில் 13ஆம் நூற்றாண்டிலேயே நட்சத்திர ஓடுகளையும் இந்த இடைவெளி ஓடுகளையும் மாறிமாறிப் பதித்துச் சுவர்களை அலங்கரித்தார்கள். எமது மாணவிகள் நட்சத்திரத்தின் நடுவில் ஒரு கொழுந்தை வைத்தார்கள். பக்கத்துப் பாடசாலையிலிருந்து வந்த ஒரு தமிழ் ஆசிரியை அதைப் பார்த்துவிட்டு, இது எங்கள் வீட்டுப் புள்ளிக் கோலம் போல இருக்கிறதே என்றார். சரிதான். இரண்டிலும் முதலில் வைப்பது சம இடைவெளியில் புள்ளிகளை.

நிறத்துக்கு வெளியே போக வேண்டியதில்லை. தேயிலைத் தூளை நன்றாகக் கொதிக்க வைத்து, ஆறியபின் தாளில் பூசினால் மண்ணிறம் வரும். ஒரு பூச்சுக் காய்ந்தபின் அடுத்ததைப் பூசினால் இன்னும் ஆழும். இதோடு ஒரு சிறு இரசாயனம் செய்யலாம். துருப்பிடித்த ஆணிகளை வினாகிரியில் இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கள். தேயிலைச் சாயமிட்டுக் காய்ந்த தாளின் மேல் ஒரு பன்னத் தழையை வைத்து, அந்த ஆணித் தண்ணீரைப் பழைய பல்துலக்கியால் தெளியுங்கள். பட்ட இடமெல்லாம் கண் முன்னாலேயே சாம்பலாகி, பின் கறுக்கும். தழை இருந்த இடம் மட்டும் மண்ணிறமாக நிற்கும். தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு உண்டாகிறது. தோலில் எழுதப்பட்ட பழைய குர்ஆன் பிரதிகளில் பயன்பட்ட மையும் இவ்வகைதான். அங்கே துவர்ப்பு ஒருவகை மரக்காயிலிருந்து வந்தது. அளவு மிஞ்சினால் இந்த மை காலப்போக்கில் தாளையே அரித்துவிடும் என்பதால் மெல்லத் தெளித்தால் போதும். பாடசாலை வெள்ளைச் சீருடையோடு இந்த வேலையைச் செய்யாதீர்கள். கறை போகாது, உம்மா ஏசுவா.

மலைநாட்டில் இருப்பவர்களுக்கு மட்டுமான ஒரு எச்சரிக்கை உண்டு. பனிமூட்டம் கடதாசிக்குள்ளும் ஏறும். ஈரம் குடித்த மட்டையைக் கத்தி வெட்டாது, பஞ்சுபோல் இழுக்கும். நுவரெலியாவில் மழைக் காலத்தில் காலையில் வெட்டிய அதே கோப்பு மாலையில் ஓரம் பிசிறிப் போனதைப் பார்த்திருக்கிறேன். தாளைப் பிளாஸ்டிக் உறையில் இட்டு, அடுப்பங்கரைப் பக்கத்து அலுமாரியில் பாரம் வைத்துத் தட்டையாகச் சேமியுங்கள். பசையும் அங்கே இரட்டிப்பு நேரம் எடுத்தே காயும். கேகாலைப் பக்கம் யானைச் சாணத்திலிருந்து செய்யும் கைக்கடதாசி பார்க்க மிக அழகு, ஆனால் அதன் நார் கத்தியில் சிக்கும். அதை அட்டையின் முகப்புக்கு வையுங்கள், வெட்டுவதற்கு வேண்டாம்.

மட்டையை மடிக்குமுன் அதன் இழை எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள். இரு பக்கமும் மெல்ல வளைத்தால் ஒரு திசையில் இலகுவாக வளையும், அதுதான் இழைத் திசை. அதன் வழியே மடித்தால் மடிப்பு வெடிக்காது. ஒரு ஏ4 தாளை இரண்டாக வெட்டி ஒவ்வொன்றையும் மடித்தால் இரண்டு அட்டைகள் கிடைக்கும். 200 ஜி.எஸ்.எம். ஏ4 தாளின் எடை பன்னிரண்டரை கிராம், ஆகவே ஒரு அட்டை ஆறேகால் கிராம். மேலே ஒட்டும் கடதாசியும் உறையும் சேரும்போது எடை ஏறும், முத்திரைக் கட்டணமும் ஏறலாம். தபாற்கந்தோரில் ஒன்றை நிறுத்துப் பார்த்துவிட்டு மற்றவற்றைச் செய்யுங்கள்.

கடைசியாக உறை. இதை அலட்சியமாக எழுதுவதுதான் வழக்கம், ஆனால் நம் பகுதியில் அட்டை போய்ச் சேருவது இதில்தான் இருக்கிறது. எமது மாணவிகள் பலரின் வாப்பாமார் நகரத்தில் கடை வைத்திருப்பவர்கள். நகர வீட்டுக்கு இலக்கமும் வீதியும் உண்டு. தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் அவர்கள் அட்டை அனுப்ப விரும்பும் தோழிகளோ தோட்டத்து லயன்களில் இருக்கிறார்கள். அங்கே வீட்டுக்கு வீடு தனி முகவரி பெரும்பாலும் இல்லை. கடிதங்கள் கட்டாகத் தோட்ட ஆபிசுக்குப் போய், அங்கிருந்து கைமாறித்தான் லயனுக்கு வரும். ஒரே தோட்டத்தில் ஒரே பெயரில் நான்கு பேர் இருப்பார்கள். நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி கடந்தபின் கைக்கு வந்த கதைகளை மலையகத்தில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். வாழ்த்து அட்டையும் அதே வழியில்தான் போகிறது.

ஆகவே பெயரோடு தந்தையின் பெயரையும் எழுதுங்கள். லயன் எண், காம்பரா எண், எந்த டிவிசன் என்பவற்றைத் தோழியிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தோட்டத்துக்கு மக்கள் வழங்கும் தமிழ்ப் பெயர் ஒன்றும் பதிவிலுள்ள பெயர் வேறொன்றுமாக இருக்கும். பதிவுப் பெயர் கட்டாயம் வேண்டும், தமிழ்ப் பெயரையும் அடைப்புக்குள் போடலாம். அதன்பின் தபால் நகரம், குறியீட்டெண். ஹட்டனுக்கு 22000, நுவரெலியாவுக்கு 22200. நகரத்தின் பெயரை ஆங்கிலத்திலும் எழுதினால் பிரிப்பவருக்கு இலகு. குவைத், சவூதி போன்ற நாடுகளுக்கு முழு முகவரியும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். அங்கே வீட்டு வேலை செய்வோருக்குப் பெரும்பாலும் எசமானரின் தபால் பெட்டி எண்தான் முகவரி. உறையின் பின்பக்கத்தில் அனுப்புபவரின் முகவரியை மறக்காதீர்கள், சேராவிட்டால் திரும்பியாவது வரட்டும்.

உறையை ஒட்டுமுன் அட்டையைக் கையில் பிடித்து இரண்டு தரம் மெல்லத் தட்டிப் பாருங்கள். உதிரக்கூடிய புள்ளி இருந்தால் மேசையிலேயே விழுந்துவிடும், வழியில் விழாது.